ஒன்று என்றால் பெயர், இரண்டு என்றால் எண்

கணக்கு டீச்சர் வருடத்தின் முதல் நாள் வகுப்பில் பேசும் பேச்சு இருபத்தாறு வருடமாக ஒரு சொல் மாறவில்லை. வருகைப் பதிவேட்டை மேசையில் வைப்பார், கண்ணாடியை மூக்கின் பாதி வரை இறக்கிக்கொள்வார், ஆரம்பிப்பார். "இந்த வகுப்புல எல்லாருக்கும் ஒரு நம்பர். நான் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவேன். நம்பருக்கு ஊர் கிடையாது, மொழி கிடையாது. உங்கப்பா கார்ல வர்றாரா நடந்து வர்றாரான்னு நம்பருக்குத் தெரியாது. எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தப் போறேன்னு அர்த்தம். புரிஞ்சுதா?" புரிந்தது என்று எல்லாத் தலைகளும் ஆடும். புரிந்திருக்காது. ஆனால் முதல் நாளே புரியவில்லை என்று சொல்லி மாட்டிக்கொள்ள யாருக்குப் பைத்தியமா?

இந்த நம்பர் விஷயத்தில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. மற்ற டீச்சர்களுக்கெல்லாம் செல்லப் பிள்ளைகள் உண்டு, ஆகாத பிள்ளைகள் உண்டு. இவருக்கு ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரைதான் உண்டு. "ஏழு, போர்டை அழி. இருபத்திநாலு, வாயை மூடு." அவ்வளவுதான் பாசம், அவ்வளவுதான் கோபம். மீசை முளைத்து வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள்கூடத் தெருவில் பார்த்தால், "டீச்சர், நான் பத்தொன்பது" என்றுதான் அறிமுகம் செய்துகொள்வார்கள். அவரும் ஒரு நொடி யோசித்து, "வகுத்தல்ல மீதியை எழுதாம விட்டுடுவியே, அந்தப் பத்தொன்பதா?" என்பார். அந்த ஆள் வழிந்துகொண்டே தலையைச் சொறிவான்.

முகம் மறந்தாலும் எழுத்து மறக்காது அவருக்கு. அதிலும் இலக்கம் மறக்கவே மறக்காது. இருபத்தாறு வருடம் கணக்கு நோட்டுத் திருத்தினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். எட்டை இரண்டு சுழியாகப் போடுகிறவன் யார், நாலின் வாயை மூடுகிறவள் யார் என்று பெயரில்லாத தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார். இதைப் பிற்பாடு நினைத்து நொந்துகொள்ளப் போகிறார் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

குடிமையியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும்தான் வினை ஆரம்பித்தது. தலைமையாசிரியை அந்தப் பாடத்தைத் தூக்கிக் கணக்கு டீச்சர் தலையில் கட்டினார்.

"மேடம், எனக்கு அதெல்லாம் வராது."

"மூணு பாடம்தான் டீச்சர். மரியாதை, பன்மை, பங்கேற்பு. வாரத்துக்கு ரெண்டு பீரியட். சும்மா வாசிச்சு விட்டுடுங்க."

சும்மா வாசித்து விடுகிற ஆள் அவர் இல்லை. பாடப்புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்தார். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் 'விவாதிக்க' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு விடை எங்கே என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விடை இல்லை. பின்னட்டை வரை தேடிவிட்டு, விடையில்லாத பயிற்சியை எதற்குப் புத்தகத்தில் போடுகிறார்கள் என்று திகைத்துப்போய் உட்கார்ந்தார்.

இருந்தாலும் நடத்தினார். வகுப்புக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது புத்தகம். தேர்தல் வைத்தார். இருபத்தொரு வாக்கு வாங்கி ஜெயித்தவள் பன்னிரண்டு.

இந்தப் பன்னிரண்டு பள்ளிக்கு வந்து ஆறே வாரம் ஆகியிருந்தது. பழைய பன்னிரண்டு வேறு ஊருக்கு மாறிப் போக, காலியான அந்த எண்ணில் இவளைச் சேர்த்திருந்தார்கள். வந்த முதல் நாளே டீச்சர், "பன்னிரண்டு, அந்த ரெண்டாவது பெஞ்சுல உக்காரு" என்று சொல்ல, அதுவே அவளுக்கு நிலைத்துவிட்டது. விளையாட்டுச் சட்டையின் முதுகில் 12 என்று தைத்துக்கொண்டாள். நோட்டு அட்டையிலும் வெறும் 12 தான். உன் பேர் என்ன என்று யாராவது கேட்டால், "அது பெரிய பேரு, சொல்லி முடிக்க ஒரு பீரியட் பத்தாது" என்று சிரித்து மழுப்புவாள். மற்ற டீச்சர்களும் கடைசியில் பன்னிரண்டு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். வாய் ஓயாது அவளுக்கு. வகுப்பையே கட்டி மேய்த்தாள்.

தேர்தல் முடிந்த அன்று டீச்சர் அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாடம் சொன்னார். "பிரதிநிதின்னா உனக்கு என்ன வேணும்னு பேசக் கூடாது. வகுப்புக்கு என்ன வேணுமோ அதைத்தான் பேசணும். உனக்குப் பிடிக்கலன்னாலும் பேசணும். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது டீச்சர்," என்றாள் பன்னிரண்டு. அவள் அவ்வளவு சின்னக் குரலில் பேசி டீச்சர் கேட்டதில்லை. பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்து மகிழ்ந்துபோனார்.

அடுத்து மனுப் பெட்டி. சாக்பீஸ் வந்த அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு ஜன்னலோரம் வைத்தார்கள். முதல் வாரம் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுவதாக ஒரு மனு. ஆள் வந்து சரிசெய்தான். பிள்ளைகளுக்கு ஒரே பூரிப்பு. டீச்சருக்கும்தான். இது நம்மால் ஆகிற காரியம் போலிருக்கிறதே என்று தைரியம் வந்தது.

இரண்டாவது வாரம் பெட்டியில் ஒரே ஒரு தாள். பிரதிநிதி எழுந்து நின்று வாசித்தாள். "மரியாதைக்குரிய டீச்சருக்கு. ஒவ்வொருவரையும் அவரவர் அடையாளத்தோடு மதிக்க வேண்டும் என்று முதல் பாடத்தில் உள்ளது. ஆனால் நீங்கள் எங்களை நம்பர் சொல்லி அழைக்கிறீர்கள். எங்களைப் பெயர் சொல்லி அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, வகுப்பு."

வாசித்துவிட்டுத் தாளை நான்காக மடித்து மேசையில் வைத்தாள்.

டீச்சர் திருதிருவென்று விழித்தார். கோபம் வரவில்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும், என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். மரியாதை என்று நினைத்துத்தானே இருபத்தாறு வருடமாக நம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறார்? அதே மரியாதையைக் காட்டி இவர்கள் வேண்டாம் என்கிறார்களே. இதில் யார் தப்பு? புத்தகத்தில் விடைப் பக்கமும் இல்லை.

"எல்லாருக்கும் இதுதான் வேணுமா?" என்றார்.

"வேணும் டீச்சர்," என்று கூரை அதிர்ந்தது.

"கத்துறதெல்லாம் கணக்குல வராது. ஓட்டுப் போடுங்க. ரகசிய ஓட்டு. பேர் எழுதாதீங்க, வேற எதுவும் எழுதாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடணும்னா ஒண்ணு. நம்பரே போதும்னா ரெண்டு. இலக்கத்தை மட்டும் போட்டு மடிச்சுக் குடுங்க."

சொல் எழுதினால் கையெழுத்து தெரிந்துவிடும், இலக்கம் என்றால் தெரியாது என்று அவர் நினைத்தார். உலகத்தில் வேறு யார் எண்ணியிருந்தாலும் அது சரிதான். எண்ணப் போவது தான்தான் என்பது அந்த நிமிடம் அவர் புத்தியில் ஏறவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. ஓய்வறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வெள்ளிக்கிழமை மாலையே உட்கார்ந்து எண்ணினார். ஒன்று, ஒன்று, ஒன்று. ஒன்று யார் போட்டாலும் ஒரு கோடுதான், அதில் எழுத்தும் தெரியாது ஒன்றும் தெரியாது. முப்பத்தேழு கோடுகள். நடுவில் ஒரே ஒரு இரண்டு. அடிக்காலில் சின்னதாக ஒரு சுருக்கு விழுந்த இரண்டு.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. முப்பத்தொன்று. தெரியக் கூடாது என்று கண்ணை மூடிப் பயனில்லை, தெரிந்தது தெரிந்ததுதான்.

முப்பத்தொன்று கடைசி பெஞ்சுப் பையன். வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவனுக்கு நம்பரே போதுமாம். ஏன்? பெயர் சொன்னால் என்ன ஆகும் அவனுக்கு? என்ன ஆகும் என்று டீச்சருக்குத் தெரியும். 

டீச்சரின் குடும்பம் அவர் குழந்தையாக இருந்தபோது வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவர் பெயரின் நடுவில் ஒரு ஒலி வரும். இங்கே யாருக்கும் அது நாக்கில் நிற்காது. தினமும் காலையில் வருகை எடுக்கும்போது அந்த இடத்தில் ஆசிரியர் தடுக்கி விழுவார், வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்காமல் இருப்பதற்காகவே அந்தச் சிறுமி தினமும் பத்து நிமிடம் தாமதமாகப் போய், வெளியே முட்டி போட்டு நிற்பாள். அப்புறம் ஒரு வருடம் அவசரக்காரரான ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். பெயரெல்லாம் வாசிக்க அவருக்கு நேரமில்லை. "நாப்பது" என்றார். அன்றுதான் அவள் முதல் தடவையாக 'உள்ளேன்' என்று முழுசாகச் சொன்னாள். கணக்கு அவளுக்குப் பிடித்துப்போனதும் அன்றிலிருந்துதான்.

அந்தப் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்காமல் எழுதினால் இந்தக் கதையைச் சொல்லியே பிரயோஜனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவரிடம் சொன்னார். கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். நாள் முழுக்க, 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலும் எல்லாவற்றுக்கும் அதையே கேட்பார்.

"முப்பத்தேழு பேருக்கு வேணும். ஒருத்தனுக்கு வேண்டாம். நான் என்னங்க பண்றது?"

"ஓட்டு வச்சது நீதானே. முப்பத்தேழுதானே ஜெயிச்சுது?"

"அப்ப அந்த ஒருத்தன்?"

"அவனை மட்டும் நம்பர் சொல்லிக் கூப்பிடு."

"அது இன்னும் மோசம். ஏன்டா உனக்கு மட்டும் நம்பர்னு மொத்த வகுப்பும் அவனைத் தோண்டி எடுத்துடும்."

"அப்ப எல்லாருக்கும் நம்பரே இருக்கட்டும்."

"அப்ப எதுக்கு ஓட்டு வச்சேன்?"

கணவர் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "எனக்கு ரெண்டுமே மங்கலாத்தான் தெரியுது," என்றார். சொன்னவரைக் கோபிக்கவும் முடியவில்லை. டீச்சருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்னால் முப்பத்தொன்றை வராந்தாவில் மடக்கினார். நேராகக் கேட்கக் கூடாது, ரகசிய ஓட்டு. அதனால் சுற்றி வளைத்தார். வீட்டில் எல்லாரும் சுகமா என்றார். படிப்பெல்லாம் எப்படிப் போகிறது என்றார். பெயர் என்பது சில பேருக்குச் சங்கடமான விஷயம்தான் என்றார். பையன் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றவன், கடைசியில் அவர்மேல் பரிதாபப்பட்டுத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"டீச்சர், அந்த ரெண்டு என்னோடது இல்ல."

"எந்த ரெண்டு?" என்றார் டீச்சர், ரொம்ப இயல்பாகச் சொல்வதாக நினைத்து.

"நான்தான் எழுதினேன். ஆனா என் ஓட்டு ஒண்ணு. அது பன்னிரண்டோட ஓட்டு. டீச்சருக்கு எல்லார் இலக்கமும் தெரியும், என்னுத கண்டுபிடிச்சுடுவாங்க, நீ போட்டுக் குடுக்கிறியான்னு கேட்டா. போட்டுக் குடுத்தேன்."

டீச்சருக்குத் தலை சுற்றியது. மனுவை வாசித்தவளே அவள்தானே. "அவ எதுக்குடா ரெண்டு போடச் சொன்னா?"

"கேக்கல டீச்சர்."

"ஏன் கேக்கல?"

"சொல்லணும்னா அவளே சொல்லியிருப்பால்ல," என்றான் முப்பத்தொன்று. அந்த வருடத்துக்கான பேச்சையெல்லாம் பேசி முடித்தவன் மாதிரி உள்ளே போய்விட்டான்.

வகுப்புக்குள் போனதும் பன்னிரண்டு எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. டீச்சர் முடிவைச் சொன்னார், முப்பத்தேழுக்கு ஒன்று. பெஞ்சுகள் தடதடத்தன.

"வகுப்போட தீர்மானம் டீச்சர்," என்றாள் பன்னிரண்டு. "இன்னிக்கே பேர் சொல்லிக் கூப்பிடணும்னு வகுப்பு கேக்குது."

"நீ கேக்கிறியா, வகுப்பு கேக்குதா?"

"பிரதிநிதி தனக்கு வேணுங்கிறதைப் பேசக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க."

சொன்னார். சொல்லிவிட்டு மகிழ்ந்தும் போனார். பன்னிரண்டு வயதுப் பெண் தன் கழுத்துக்குத் தானே கயிறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு விறைப்பாக நிற்கிறாள், அதைக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று நினைத்தபோது டீச்சருக்கு அழுகை முட்டியது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பியதுகூட முதலில் முகத்தை மறைக்கத்தான். திரும்பியாயிற்று, சாக்பீஸும் கையில் இருக்கிறது. எதையாவது எழுத வேண்டும். தன் பெயரை எழுதினார். முழுப் பெயர், பதினோரு எழுத்து.

"இது என் பேர். உங்க பேரை நான் சொல்லணும்னா முதல்ல என் பேரை நீங்க தெரிஞ்சுக்கணும்."

யாரோ வாய்க்குள் படித்துப் பார்த்தார்கள். நடுவில் அந்த இடத்தில் தடுக்கியது. சிரிப்பு வந்தது. நாற்பது வருடம் கழித்து, அதே சிரிப்பு. டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு மட்டும் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வருகை எடுக்கிறேன். உங்களை எப்படிக் கூப்பிடணும்னு நீங்களே சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெயரைச் சொன்னார்கள், வீட்டுப் பெயரைச் சொன்னார்கள், ஒருவன் 'புயல்' என்று கூப்பிடச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். அவர் மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தார். பதினொன்று முடிந்தது.

"பன்னிரண்டு," என்றாள் அவள். "எனக்கு அதுவே போதும் டீச்சர்."

"அது பேரே இல்லையே," என்றது ஒரு குரல். "தீர்மானம் போட்டோமே," என்றது இன்னொன்று. டீச்சர் நிமிர்ந்து பார்க்காமல் 12 என்று எழுதினார். "எப்படிக் கூப்பிடணும்னு கேட்டேன், சொல்லிட்டா. அடுத்து யாரு?" பதிமூன்றும் பதினான்கும் கடந்து, முப்பத்தொன்று தன் பெயரைச் சொன்னபோது, அவனுக்கு அப்படி ஒரு கனத்த குரல் இருப்பதே அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் நானும் இங்கேயே நிறுத்திவிடுவேன். முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை மனுப் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு சீட்டு. அதில் ஒரே ஒரு இலக்கம், 1. வேறு ஒன்றும் இல்லை.

டீச்சர் அந்தக் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். ஒன்று யார் போட்டாலும் ஒரு கோடுதான். ஆனால் ஒன்று என்றால் பெயர், இரண்டு என்றால் எண். பெயர் சொல்லப்படாமல் மிச்சம் இருப்பது ஒரே ஒருத்தி. மனசு மாறியிருக்கிறாள், நேரில் சொல்லக் கூச்சப்பட்டுச் சீட்டுப் போட்டிருக்கிறாள். கணக்குச் சரியாகத்தான் வந்தது. பிள்ளையையே கேட்டுவிடலாமா என்று நினைத்தார். கூச்சப்பட்டுச் சீட்டில் போட்டவளைக் கூப்பிட்டுக் கேட்டால் அப்புறம் சீட்டு எதற்கு?

பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது. பத்து வாரமாகக் கண்ணில் பட்ட பெயர்தான், வாய்விட்டு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நீளமான பெயர், அதுவும் வேறு ஏதோ மொழி. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய், சனி ஞாயிறு இரண்டு நாளும் கணவரிடம் சொல்லிச் சொல்லிப் பழகினார். "இப்படியா, இல்ல இப்படியா?" என்று இவர் கேட்க, "ரெண்டாவது கொஞ்சம் தெளிவா இருக்கு," என்றார் கணவர். அவருக்கும் அந்த மொழி தெரியாது.

திங்கட்கிழமை பதினொன்றாவது பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிறுத்தினார். பழகிய தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கூப்பிட்டார்.

வகுப்பு சட்டென்று அடங்கியது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலைந்து. பன்னிரண்டு எழுந்தாள். ஆனால் டீச்சரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பிப் பின் பெஞ்சை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க டீச்சர்," என்றாள்.

 டீச்சர் பலகையில் தன் பெயரை எழுதிவிட்டு நின்ற நாளை நினைத்துக்கொண்டார். இந்தத் தடவை அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைத்துச் சொல்லி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

"உள்ளேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

இடைவேளையில் பாரம் இறங்கின மாதிரி அவளைக் கூப்பிட்டார். "சீட்டுல போட்டது நல்லதாப் போச்சும்மா. இல்லன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தச் சீட்டு டீச்சர்?"

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் காட்டினார். அவள் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். "நான் எதுவும் போடலையே," என்றாள்.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ விளையாட்டுக்குப் போட்டதா? முப்பத்தொன்று போட்டதா? தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிச்சுக்கோ என்று என்னென்னவோ சொன்னார். நாளையிலிருந்து பழையபடி பன்னிரண்டு என்றே கூப்பிடுவதாகச் சொன்னார். வேண்டாமென்றால் வேண்டாம், வேண்டுமென்றால் வேண்டும், அவளே சொல்லட்டும் என்றார். கணக்கு டீச்சர் இப்படிக் குழறி அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை.

அவள் சீட்டைத் திருப்பி மேசைமேல் வைத்தாள்.

"அதுக்கில்ல டீச்சர். முதல் தடவ தப்பாச் சொன்னீங்க. அதான் இன்னொரு தடவ சொல்லச் சொன்னேன்."

"ரெண்டாவது தடவ?"

"ரெண்டாவது தடவ எங்கம்மா கூப்பிடுற மாதிரியே இருந்துச்சு," என்றாள். மணி அடித்ததும் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.